அப்பாவின் மூச்சு, ஏப்ரல் 2025

ஏப்ரல் 3, வியாழன்

ஐ.சி.யூ.வில் அப்பாவின் ஒட்சிசன் 94. இரவு 91 வரை இறங்கி, விடியும்போது 94க்கு வந்திருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

பகல் 12 மணிக்கு ஒரு ஆள், பின்னேரம் 5 மணிக்கு ஒரு ஆள், ஆளுக்குப் பத்து நிமிஷம். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, பச்சை அங்கியை மாட்டுவதிலேயே நாலு நிமிஷம் போய்விடுகிறது. மிச்ச ஆறு நிமிஷத்தில் நான் பார்த்து வந்தது: ஒட்சிசன் 96, இதயத் துடிப்பு 88, பிரஷர் 150க்கு 90, மூச்சு இயந்திரம் நிமிஷத்துக்கு 14. வராந்தாவுக்கு வந்ததும் மறந்துவிடுமோ என்ற பயத்தில் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கனடாவில் அப்போது விடியப்புறம் மூன்று மணி. உடனே நீல டிக் விழுந்தது. அவனும் தூங்கவில்லை.

பின்னேரம் அம்மா போனார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பாக்குத் தாடி வளந்திட்டு மகள். கீழ் உதடு காஞ்சு வெடிச்சிருக்கு. இடக் கண் சரியா மூடல்ல, ஈரத் துணி வைக்கச் சொல்லி மிஸ்ஸிட்டச் சொன்னன். நீ பகல் பாத்தாய்தானே, ஏன் சொல்லல்ல?"

பகல் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். தாடியைப் பார்க்கவில்லை.

"நம்பரப் பாக்காத. முகத்தப் பாரு."

அப்படியே நேராகச் சிலுவைப்பாதைக்குப் போனார். நான் போகவில்லை.

ஏப்ரல் 5, சனி

அப்பாவின் மோட்டர் சுற்றுகிற கடையைத் திறந்தேன். வார்னிஷ் மணம் அப்படியே இருக்கிறது. மேசையில் காத்தான்குடி நானாவின் தண்ணி மோட்டர் பாதி சுற்றியபடி. ரன்னிங் கொயில் இறக்கியாயிற்று, ஸ்டார்ட்டிங் கொயில் இல்லை. அப்பா வெட்டி வைத்த ஸ்லொட் பேப்பர் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கிறது. கத்தரிக்கோல் விரித்தபடி. அந்த இடத்தில்தான் விழுந்தார்.

கடைப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். "எத்தன சுத்து எண்டு மாமா சொல்லல்ல அக்கா." பழைய கொயிலை எண்ணித்தான் சுற்றுக் கணக்கு எடுப்பார்கள். அந்தக் கரிந்த செம்பு பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. மோட்டரில் விபரத் தகடும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஐ.சி.டி. படிப்பிக்கிறவள், தேடினால் கிடைக்கும் என்று போனை எடுத்தேன். ஒரு மணித்தியாலம் தேடினேன். இந்தியாவில், பாகிஸ்தானில் சுற்றுகிற ஆட்களுடைய வீடியோ நூறு கிடந்தது. இந்த மோட்டரின் கணக்கு ஒன்றிலும் இல்லை.

நானாவுக்கு அழைத்துச் சொன்னேன். கிணற்றில் வாளி போட்டு இறைக்கிறார்களாம். "அவசரமில்ல தங்கச்சி, முதலாளி எழும்பி வரட்டும். நாங்களும் துஆ கேக்கிறம்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. அந்தப் பையின் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் முறை ஸ்கேன் எடுக்கக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போன அன்று இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு தாதி அந்த ரப்பர் பையை எடுத்துக் குழாயில் மாட்டினார். அழுத்துவார், விடுவார், அழுத்துவார், விடுவார். கட்டில் வேகமாகப் போகிறது, வளைவில் திரும்புகிறது, லிப்டில் ஏறுகிறது, அவருடைய கை மட்டும் ஒரே தாளத்தில். பக்கவாட்டாக ஓடிக்கொண்டே கண்ணை அப்பாவின் நெஞ்சில் வைத்திருந்தார், நெஞ்சு ஏறுகிறதா என்று. இருபத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் என் அப்பா அந்தப் பிள்ளையின் கையால்தான் மூச்சு விட்டார். அன்று ஒரு எண்ணும் எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செத்துப்போய் ஆட்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சுமார் 1500 மருத்துவ மாணவர்கள், முறை போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரவு பகலாகக் கையால் அழுத்தியிருக்கிறார்கள், கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில். இன்றைக்கு உள்ள ஐ.சி.யூ. எல்லாம் அதிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள்.

அப்படியென்றால் முதலில் இருந்தது கை. இதை அண்ணனுக்கு எழுத நினைத்து எழுதவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

93. காய்ச்சல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரிய டொக்டர் கூப்பிட்டார். கதிரை போட்டு உட்கார வைத்துக் கதைத்தார். கதிரையைப் பார்த்தபோதே விளங்கிவிட்டது.

மூளையில் இரத்தம் கசிந்த இடம் பெரிது. எழும்புகிற சாத்தியம் மிகக் குறைவு. இப்போது சிறுநீரகமும் பின்வாங்குகிறது. இரண்டு கேள்வி கேட்டார். சிறுநீரகம் நின்றால் டயலிசிஸ் போடுவதா? இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, கரண்ட் கொடுத்து, திருப்பிக் கொண்டுவரப் பார்ப்பதா? "செய்யலாம். எங்களிடம் இருக்கு. செய்து அவருக்கு என்ன கிடைக்கும் என்றுதான் நீங்கள் யோசிக்க வேணும். அவசரம் இல்லை, குடும்பமாகக் கதைத்துச் சொல்லுங்கள்."

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, அம்மாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். அதற்காக அவருக்கு நன்றி.

அண்ணன் போனில் கத்தினான். கொழும்புக்குக் கொண்டுபோ, காசு நான் அனுப்புகிறேன், எல்லாம் செய்யச் சொல்லு, எல்லாம், ஒன்றும் விடாதே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செபமாலையை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 9, புதன், இரவு 2.40

எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டேன். ஸ்கேன் அறிக்கையில் இருந்ததை முழுவதும் தட்டினேன். வயது 63, கசிவின் அளவு, எத்தனை நாள் இயந்திரத்தில், கிரியேட்டினின் எவ்வளவு. அழகாகப் பதில் சொன்னது. டொக்டர் சொன்னதையே இன்னும் ஒழுங்காகச் சொன்னது, சாத்தியங்களை வீதத்தில் போட்டுக் காட்டியது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். அது உங்கள் குடும்பத்தின் முடிவு, அப்பாவின் விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள் என்றது. பிழையே சொல்லவில்லை. இவ்வளவு கடினமான நேரத்தில் இருக்கிறீர்கள் என்று ஆறுதலும் சொன்னது. அதற்கு எனக்குக் கண் கலங்கியது, அதுதான் உண்மை.

அப்புறம் ஏன் அப்படிக் கேட்டேனோ தெரியாது, எங்கள் அப்பாவுக்காகச் செபி என்று தட்டினேன்.

மூன்று செக்கனில் ஒரு செபம் வந்தது. "இரக்கமுள்ள ஆண்டவரே" என்று தொடங்கி, நல்ல தமிழில், எங்கள் கோவிலில் வாசிக்கிற மன்றாட்டுகளைவிட நன்றாக. வாசித்துக்கொண்டு போகும்போது உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இதைச் செபிக்கிறது யார்? சொல் எல்லாம் இருக்கிறது. சொல்லுக்குப் பின்னால் முழங்கால் இல்லை. பயம் இல்லை. அப்பா செத்துப்போனால் இழக்க ஒன்றும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 28இல் வத்திக்கான் ஏஐ பற்றி ஒரு நீண்ட ஆவணம் வெளியிட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் இருந்து ஒரு இடத்தை நானே எடுத்துச் சொன்னேன், இது மனித அறிவின் செயற்கை வடிவம் இல்லை, மனித அறிவு உண்டாக்கின ஒரு பொருள் என்று. கரும்பலகையில் எழுதிக் கோடும் போட்டேன். அன்று அது பரீட்சைக்கு ஒரு வசனம்.

நான் செபிக்க வேண்டியதை அதைச் செபிக்கச் சொன்னேன். அம்மா பின்வாசலில் இன்னும் விழித்திருக்கிறார். மணி உருளும் சத்தம் கேட்கிறது. போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டு பேரும் விடியும்வரை. மூன்று செபமாலை. காலையில் முதல் பாடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி கண் சொருகியது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஃபாதர் வந்தார். மிஸ்மார் அவருக்கும் பச்சை அங்கி கொடுத்தார்கள், எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள். நோயில் பூசுதல். நெற்றியில் எண்ணெய் வைத்தார், பிறகு கையை விரித்தார். அப்பாவின் உள்ளங்கையை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்து எத்தனை வருஷம். செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் வார்னிஷ் கறுப்பாக ஏறி இருக்கிறது, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் துடைத்தும் போகவில்லை. அதற்கு மேல் எண்ணெய் மினுங்கியது. திரையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் அது தெரிகிறது.

வெளியே வாகை மரத்துக்குக் கீழே ஃபாதரிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொன்னால் அது கொலையா? அவர் தயங்கவில்லை. இந்தக் கேள்வி புதிதில்லை என்றார். 1957 நவம்பரில், இந்த மூச்சு இயந்திரங்கள் வந்து சில வருஷத்துக்குள்ளேயே, மயக்க மருந்து வைத்தியர்கள் பாப்பரசர் 12ஆம் பத்திநாதரிடம் இதையேதான் கேட்டார்களாம். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளக் கடமை உண்டு, நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் பெரும் சுமையாகிற அசாதாரண வழிகளைக் கையாளக் கட்டாயம் இல்லை என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். மறைக்கல்வி நூலிலும் இருக்கிறது, 2278ஆம் எண், பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை விடுவது மரணத்தைத் தேடுவது ஆகாது, அதைத் தடுக்க முடியாது என்று ஏற்பதுதான்.

"ஆனா இது சட்டப் புத்தகம் இல்ல பிள்ள. இத வாசிச்சா முடிவு வந்திடும் எண்டு நினைக்காத" என்றார்.

எனக்கு முடிவு வேண்டும். அதற்காகத்தான் அவரிடம் போனேன். கோபம் வந்தது.

இரவு யோசிக்கும்போது ஹெபர்ட் சுவாமி நினைவு. அப்பா தொழில் படித்தது அவர் நடத்திய தொழில்நுட்ப நிலையத்தில். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருவானவர். எங்கள் வீட்டில் அவருடைய பெயரைச் சொன்னால் அப்பா எழுந்து நிற்காத குறை. 1990 ஆகஸ்ட் 15, மாதா திருநாள் அன்று, வாழைச்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வந்து சேரவில்லை, கூட வந்த பையனும் இல்லை. இன்றுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் அப்பா கடையில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். மோட்டர் சுற்றப் படிப்பித்ததும் செபிக்கப் படிப்பித்ததும் ஒரே ஆள்தான், அதனால் அப்பாவுக்கு அது இரண்டும் இரண்டாகவே இருந்ததில்லை.

கரிந்துபோன மோட்டரைக் கொண்டு வந்தால் சில நேரம் திறந்து பார்த்துவிட்டு, இதுக்கு மேல காசு செலவழிக்காதீங்க என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சுற்றிக் கொடுத்தால் காசுதான், ஆனாலும் செய்யமாட்டார். இந்த நினைவு இன்று வந்து வந்து போகிறது. நான் துரத்துகிறேன். அப்பா மோட்டர் இல்லை.

ஏப்ரல் 12, சனி

போயா, முழுநிலா நாள். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தேன், நிலவு வாவியில் முழுதாகக் கிடந்தது. சின்ன வயதில் அப்பா பழைய பாலத்துக்குக் கீழே தோணியில் கூட்டிப்போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொல்லுவார். மீன் பாடுகிறது என்று அண்ணன் துள்ளுவான். எனக்கு ஒன்றும் கேட்காது, கேட்கிறது என்று சொல்லுவேன். 1950களில் ஒரு இயேசு சபைக் குருவானவர் மைக்கைத் தண்ணிக்குள் இறக்கி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார். பாடுவது மீனா, மட்டியா என்று இன்றுவரை சண்டைதான்.

அண்ணனுக்கு நிலவைப் படம் எடுத்து அனுப்பினேன். "துடுப்பு" என்று மட்டும் பதில் போட்டான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

லூக்காவின் பாடுகள். "தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" என்ற இடத்தில் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். எனக்கு அந்தத் தாதியின் கை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு மாமி பாற்சோறும் வாழைப்பழமும் மதிலால் தந்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

92. கால் வீங்கி இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

அண்ணனோடு இரண்டு மணித்தியாலம். முதலில் சண்டை. பாப்பரசர் பிரான்சிசைப் பார், 88 வயது, 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்குப் போகவில்லையா என்றான். பெப்ரவரி 28 இரவு பாப்பரசருக்கு மோசமாகி, நிறுத்திப் போகவிடுவதா, எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்ப்பதா என்று வைத்தியர்கள் நின்றபோது, அவருடைய தாதிதான் எல்லாம் செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாராம். அதை அந்த வைத்தியரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்த இணைப்பை மூன்று தரம் அனுப்பிவிட்டான்.

நானும் வாசித்தேன். அதே பேட்டியில்தான் இருக்கிறது, பாப்பரசருக்கு அறிவு இருந்தது, எல்லாம் தெரிந்திருந்தது என்று. அப்பாவுக்கு இல்லை. இரண்டும் ஒன்றில்லை அண்ணா என்றேன்.

அப்புறம் அவன் அழுதான். பதினொரு வருஷமாக வரவில்லை, பேப்பர் சரிவரவில்லை, கடைசியாக அப்பாவைத் தொட்டது கட்டுநாயக்கா விமான நிலையத்தில். "நான் வீடியோவிலதானடி பாத்திருக்கன். நீ தொட்டிருக்காய். எனக்கு எல்லாம் செய்யச் சொல்றதத் தவிர வேற என்ன இருக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. போனை அப்பாவின் காதுக்குக் கிட்ட வைக்கலாமா என்று நாளைக்கு மிஸ்ஸிடம் கேட்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

விட்டார்கள். அண்ணன் "அப்பா" என்றான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, பிறகு "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று பழைய செபத்தைத் தொடங்கினான், அப்பா சொல்லித் தந்தது போலவே, இடையில் இழுத்து இழுத்து. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 9,000 மைலுக்கு அங்கால் இருந்து அவன் குரல் அந்தக் காதுக்குள் போனது. இந்தப் போன் இல்லாவிட்டால் அது இல்லை. அதையும் எழுத வேண்டும், அன்று இரவு கவிழ்த்து வைத்ததும் இதே போன்தான்.

இரவு கோவிலில் பீடத்துணியை உரிந்தார்கள். இனி பாஸ்கா இரவு வரை மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டைதான். அங்கே அந்த அறையில் மணி ஓயவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

டொக்டரிடம் சொல்லியாயிற்று. டயலிசிஸ் வேண்டாம். நெஞ்சை அழுத்த வேண்டாம். இப்போது இருக்கிற இயந்திரமும் மருந்தும் தொடரட்டும், உடம்பைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, நோவில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொன்னது அம்மா. நான் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அம்மா இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு, "அவர வதைக்க வேணாம் டொக்டர். நாங்க பக்கத்தில இருக்கம்" என்றார். அண்ணன் போனில் இருந்தான். "சரி" என்றான். ஒரு சொல்தான்.

சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது முழங்கால் ஆடியது.

ஏப்ரல் 19, சனி

அம்மா கேட்டார் என்று அப்பாவின் சவரக் கத்தியைத் தேடினேன். லாச்சிக்குள் ஒரு சி.ஆர். கொப்பி. அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. பக்கத்துக்கு ஒரு மோட்டர். ஆளின் பெயர் இல்லை, ஊர்தான்: ஆரையம்பதி, செங்கலடி, களுவாஞ்சிகுடி. ஸ்லொட் எத்தனை, கம்பி என்ன கேஜ், ஒவ்வொரு கொயிலுக்கும் எத்தனை சுற்று. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பேனையால் ஒரு சின்னச் சிலுவை.

கடைசிப் பக்கம்: காத்தான்குடி, 24 ஸ்லொட். ஸ்டார்ட்டிங் 62, 62, 48.

48க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, பிறகு அதை வெட்டி இருக்கிறார்.

பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனது, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் ஏறியதற்கு. அன்று அப்பா கடையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இந்தக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் போனில் போட்டு வைக்கலாமே அப்பா என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு எழுதினார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பாஸ்கா இரவில் மணி அடித்தபோது அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நோகிறது.

பகல் 12 மணிக்கு நான். கன்னம் வழித்திருந்தது, அம்மா நேற்றுச் செய்தது. உதட்டுக்கு வசிலின் பூசினேன். கண்ணிமையைத் தொட்டேன். சிவப்பு நூல் கட்டின தாதிதான் கடமையில், "இடைக்கிடை தானாவும் இழுக்கிறார் அக்கா, நெஞ்சில கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். இயந்திரம் தள்ளும்போது நெஞ்சு ஒரு விதமாக ஏறுகிறது. பிறகு ஒன்று, சின்னதாக, முந்திக்கொண்டு, வேறு விதமாக. கனநேரம் காத்திருந்தேன். இன்னும் ஒன்று.

இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, டொக்டர் சொன்னது மாறவில்லை என்று தாதியும் சொன்னார். தெரியும் என்றேன். கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்து இன்று ஆறு வருஷம். காலையில் அம்மாவும் நானும் அந்த வீதியால் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தோம். அந்த உயிர்ப்பு ஞாயிறு அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் இரத்தம் கொடுத்தவர்.

பகல் ஒரு மணி தாண்டி அண்ணன் அழைத்தான். பாப்பரசர் போய்விட்டாராம். நேற்றுத்தானே ஆசீர் கொடுத்தார் என்றார் அம்மா. 2015 ஜனவரியில் அவர் மடு மாதா கோவிலுக்கு வந்தபோது அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் போய், தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அண்ணன் கனநேரம் பேசாமல் இருந்தான். வீட்டிலதானே போனார் என்றான். ஓம், தன்ட இடத்தில என்றேன்.

பின்னேரம் காத்தான்குடி நானா வந்தார், மோட்டருக்கு இல்லை, அப்பாவைப் பார்க்க. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தார். இன்றைக்கு வரவேண்டும் என்று மனம் சொன்னதாம். வராந்தா வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஐந்து மணி மட்டும் இருந்தார்கள். அம்மாவின் கையில் செபமாலை, அவர் கையில் தஸ்பீஹ்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பையன் 48ஐச் சுற்றி முடித்துவிட்டான். ஒவ்வொரு சுற்றையும் உரத்து எண்ணினான், நானும் கூட எண்ணினேன், இரண்டு தரம் பிழைத்து அவிழ்த்து மீண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தோம், சரி. வார்னிஷ் ஊற்றியாயிற்று, காய இரண்டு நாள் வேண்டுமாம்.

அம்மா 12 மணிக்குப் போகிறார். நான் 5 மணிக்கு.